எத்தனை வட்டி?

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், அம்மா அதே கம்பெனியில் செக்கிங். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இரண்டு கவரையும் பாயில் கொட்டி அம்மா பிரிப்பார். வாடகைக்கு ஒரு டப்பா, மளிகைக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று. எல்லாம் போக மிச்சம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கறி. இல்லாவிட்டால் தக்காளிக் குழம்பு. ஏழாவது படிக்கும்வரை, கறி எடுப்பதும் எடுக்காததும் அப்பாவின் மனநிலையைப் பொறுத்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா படித்தது ஐந்தாவது வரை. சதவீதம் தெரியாது, வட்டி தெரியும். ஒரு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். ரெண்டு வட்டி என்றால் இரண்டு ரூபாய். யாராவது கடன் வாங்கியதாகச் சொன்னால், எவ்வளவு வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்றெல்லாம் பிறகுதான். முதலில் "எத்தன வட்டி?"

நான் பி.காம். கூட்டு வட்டிச் சூத்திரத்தைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். 2014-ல் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வீட்டின் முதல் மாதச் சம்பளக்காரன். பணம் கவரில் வராமல் நேராக வங்கிக் கணக்கில் விழுந்தது. அப்புறம் ஏழு வருஷம், அம்மா கேட்கும் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

2021 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. கடன் அட்டைப் பாக்கியைக் கேட்டு. "கட்டிடறேன் சார், கட்டிடறேன் சார்" என்று நான் குழைந்ததை அம்மா முழுக்கக் கேட்டுவிட்டார்.

"யாருக்குக் கண்ணு தரணும்?"

"கார்டும்மா. அறுபதாயிரம் இருக்கு."

"எத்தன வட்டி?"

"மாசம் மூன்றரை சதவீதம்."

"அப்படீன்னா?"

"நூறு ரூபாய்க்கு மாசம் மூன்றரை ரூபாய்."

வெங்காயத்தைக் கீழே வைத்தார். "மூணரை வட்டியா? நம்ம கந்துக்காரரே தெரிஞ்சவங்களுக்கு மூணு வட்டிக்குத் தர்றாரு. இதுக்கா சாமி பேங்க்குக்குப் போனே?"

அந்த அறுபதாயிரம் ஒரே நாளில் வந்ததல்ல. 2019-ல் ஒரு ஃபிரிட்ஜ், ஒரு போன். 2020-ல் ஊரடங்கு வந்து கம்பெனி மூடி, பிறகு சில மாதம் பாதிச் சம்பளம். மளிகைச் சாமானும் அட்டையிலேயே ஓடியது. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை 3,000' என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதை மாதம் தவறாமல் கட்டி, ஒழுங்காகக் கட்டுகிறவன் என்று என்னைப் பற்றி நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். அன்றைக்குக் கணக்குப் போட்டேன். 60,000-க்கு மாத வட்டி 2,100. வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378. ஆக 2,478. நான் கட்டிய 3,000-ல் கடன் குறைந்தது வெறும் 522 ரூபாய்.

இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. 'நாற்பத்தைந்து நாள் வரை வட்டி இல்லை' என்ற சலுகை, முந்தைய பில்லை முழுசாகக் கட்டியவர்களுக்குத்தான். பாக்கி வைத்திருந்தால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். காலையில் அட்டையைத் தேய்த்து வாங்கிய பால் பாக்கெட்டுக்கு மத்தியானமே மூன்றரை வட்டி. முழுசாகக் கட்டுகிறவர்களுக்கு அட்டை நல்ல பொருள்தான், இன்றைக்கும் நான் ஒன்று வைத்திருக்கிறேன். குறைந்தபட்சத் தொகை கட்டுகிறவர்களுக்கு அது கந்துக்கடைதான்.

"வேற என்னென்ன இருக்குது? எல்லாத்தையும் எழுது" என்றார் அம்மா. காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். இடது பக்கம் தர வேண்டியது, வலது பக்கம் வர வேண்டியது, ஒவ்வொன்றுக்கும் எதிரே வட்டி. வருஷச் சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் அம்மாவின் வட்டி. இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் பாதி விவகாரத்தில் நான் இறங்கியிருக்கவே மாட்டேன்.

இடது பக்கத்தில் அடுத்தது பைக் கடன். 2018-ல் 80,000 ரூபாய், மூன்று வருஷம், வருஷத்துக்கு 10 சதவீதம் என்றார்கள். 'ஃபிளாட் ரேட்' என்றும் சொன்னார்கள். ஃபிளாட் என்றால் ஏறாது இறங்காது, நல்லதுதான் போல என்று எடுத்துக்கொண்டேன். வருஷம் 8,000 வீதம் 24,000 வட்டி, ஆக 1,04,000, மாதம் 2,889. அம்மாகூட இதைக் கேட்டுவிட்டு, "ஒரு வட்டிக்கும் கம்மிதானே, பரவாயில்ல" என்றார்.

இந்த இடத்தில் அம்மாவும் ஏமாந்தார். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. 35-வது மாதம் என் பாக்கி சில ஆயிரம்தான். ஆனாலும் அந்த மாதத் தவணையிலும், முழு 80,000-மும் என் கையில் இருப்பது போலவே, 667 ரூபாய் வட்டி கணக்காகிறது. குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்று எக்ஸெலில் போட்டுப் பார்த்தால் அந்தக் கடனின் உண்மையான விலை வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 18 சதவீதம். ஒன்றரை வட்டி. கடைக்காரர் வாயிலிருந்து வந்த எண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பீரோவைத் திறந்து பழைய அட்டை ஒன்றை எடுத்து வந்தார். 2006-ல் அப்பா வாங்கிய தண்டல். பத்தாயிரம் என்று எழுதி, ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு, கையில் 8,500 கொடுத்தார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். உள்ளங்கை அளவு அட்டையில் நூறு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் பச்சை மையில் கிறுக்கு. மழை பெய்து கம்பெனிக்கு லீவு விட்ட நாட்களின் கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன, அவற்றுக்கு ஓரத்தில் அபராதம். "நூத்துக்குப் பதினஞ்சு பிடிச்சாங்க, மூணு மாசத்துக்கு மேல. அஞ்சு வட்டின்னு வெச்சிருந்தேன். இதுவும் உன் பைக்கு மாதிரியா?"

போட்டுப் பார்த்தேன். மறுநாளிலிருந்தே திருப்பிக் கட்ட ஆரம்பிப்பதால் அந்த 8,500 முழுசாக நம் கையில் இருப்பது ஒரே ஒரு நாள்தான். நாளுக்கு 0.33 சதவீதம், வருஷத்துக்கு 120. பத்து வட்டி. அம்மா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கொப்பாகிட்ட சொல்லாத" என்றார்.

இப்போது கடன் வாங்குகிறவர்களுக்கு இந்த வேலை கொஞ்சம் சுலபம். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கும் தனிநபர், வாகனம், வீடு போன்ற கடன்களுக்கு, வங்கியும் நிதி நிறுவனமும் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். கட்டணங்களையும் சேர்த்த வருடாந்தர விகிதம், 'ஏபிஆர்' என்ற பெயரில், அதில் இருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுங்கள். கவுண்டரில் இருப்பவர் சொல்லும் மற்ற எண்களைக் கேட்டுக்கொண்டால் போதும்.

தாளின் வலது பக்கம் சின்னது. சேமிப்புக் கணக்கில் கொஞ்சம், கால் வட்டிகூட இல்லை. அப்புறம் ஒரு இன்சூரன்ஸ் பாலிசி. 2018-ல் சொந்தக்கார மாமா ஒருவர் வீட்டுக்கே வந்து போட்டுக் கொடுத்தது. வருஷம் 24,000, இருபது வருஷம் கட்டினால் சுமார் 9 லட்சம் வரும் என்று எழுதிக் காட்டினார். 4,80,000 கட்டி 9 லட்சம், கேட்க நன்றாகத்தான் இருந்தது. எக்ஸெலில் போட்டால் வருஷத்துக்கு 5.7 சதவீதம். அரை வட்டிக்கும் கீழே. நான் செத்துப்போனால் வீட்டுக்குக் கிடைப்பது 5 லட்சம்.

அம்மா இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அரை வட்டிக்குக் குடுத்துட்டு மூணரை வட்டிக்கு வாங்கறயா?"

என் ஏழு வருஷப் பொருளாதாரம் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. சேமிக்கிறேன் என்று நானும் நினைத்தேன், என்னைப் பாராட்டிய மாமாவும் நினைத்தார். உண்மையில் நடந்தது அம்மா சொன்னதுதான்.

பாலிசியை நிறுத்தினேன். மூன்று வருஷத்தில் கட்டிய 72,000-க்குத் திரும்பி வந்தது 25,000 சொச்சம். மாமா இரண்டு விசேஷத்துக்கு என்னிடம் பேசவில்லை. எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பாதி காலம் தாண்டிய பாலிசியாக இருந்தால் மேற்கொண்டு கட்டாமல் அப்படியே விட்டு, முடிவில் குறைந்த தொகையை வாங்குவதும் உண்டு. நான் மூன்றாம் வருஷத்தில் இருந்தேன், மிச்சம் பதினேழு வருஷம் இருந்தது. அதற்குப் பதிலாக 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசி எடுத்தேன். வருஷம் பத்தாயிரத்துக்குள். நான் உயிரோடு இருந்தால் ஒரு பைசா திரும்பி வராது. அம்மாவுக்கு இன்றுவரை அது பிடிக்கவில்லை.

அட்டைக் கடனுக்கு அம்மாவிடமே வழி இருந்தது. கழுத்தில் கிடந்த மூன்று பவுன் சங்கிலி. எனக்குக் கூச்சமாக இருந்தது. நகையை அடகு வைப்பது எங்கள் தெருவில் வீழ்ச்சியின் அடையாளம். அம்மாவுக்கு அந்தக் கூச்சம் இல்லை. "சேட்டுக் கடைக்கா போறோம்? பேங்க்குல எத்தன வட்டி, அதச் சொல்லு." வருஷத்துக்கு 9 சதவீதம். "முக்கால் வட்டி. அப்ப என்ன யோசன?"

சங்கிலியை வைத்து 60,000 வாங்கி அன்றைக்கே அட்டையை முடித்தேன். பிறகு மாதம் 5,000 வீதம் நகைக்கடனில் கட்டினேன். ஒரு வருஷத்தில் மொத்தமாகக் கட்டினால் போதும் என்றார்கள், நான் அதற்குக் காத்திருக்கவில்லை. அப்படிக் காத்திருப்பவர்கள்தான் வருஷக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்து, திருப்பி வைத்து, கடைசியில் நகையை ஏலத்துக்கு விடுகிறார்கள். தீபாவளி போனஸையும் போட்டுப் பதினோராவது மாதம் மீட்டேன். மொத்த வட்டி மூவாயிரத்துக்குள். அட்டையில் ஒரே மாதத்தில் ஓடிய வட்டிக்குக் கொஞ்சம்தான் மேலே.

இதில் ஒரு ஆபத்து உண்டு. அட்டை காலியானதும் கை அரிக்கும். இன்னொரு ஃபிரிட்ஜ் வாங்கினால் அட்டைக்கடனும் இருக்கும், சங்கிலியும் இருக்காது. கடன் முடியும்வரை அட்டை அம்மாவின் பீரோவில், தண்டல் அட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

பைக் கடனுக்கு 2020-ல் ஆறு மாதம் தவணை தள்ளிவைக்கும் சலுகையை எடுத்திருந்தேன். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கட்ட வேண்டாம் என்றதும் மகிழ்ச்சி. தள்ளிவைத்தார்களே தவிர தள்ளுபடி செய்யவில்லை. அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஓடிக் கடனோடு சேர்ந்தது. கையில் பணமே இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. எனக்கு அந்தப் பாதிச் சம்பளத்திலும் 2,889 கட்ட முடிந்திருக்கும்.

பிஎஃப் விஷயம் இன்னும் வலிக்கிறது. 2017-ல் கம்பெனி மாறியபோது பழைய பிஎஃப்பை 41,000 என்று எடுத்துவிட்டேன். திருப்பூரில் இது வழக்கம், வேலை மாறினால் பிஎஃப்பை உருவுவது ஒரு சடங்கு மாதிரி. அந்தப் பணத்தில் என்ன வாங்கினேன் என்று இப்போது ஞாபகம்கூட இல்லை. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பிஎஃப்புக்கான யூஏஎன் எண் ஒன்றுதான், புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். 2024-25-க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம். முக்கால் வட்டிக்குச் சற்றே கீழே, அதுவும் நாம் வாங்குகிற பக்கம். பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்று அறிய 72-ஐ சதவீதத்தால் வகுப்பார்கள். அம்மாவின் கணக்கில் அது இன்னும் எளிது, ஆறை வட்டியால் வகுத்தால் போதும். முக்கால் வட்டிக்கு எட்டு வருஷம். ரெண்டு வட்டிக்கு மூன்று வருஷம். கட்டாமல் விட்ட மூன்றரை வட்டிக் கடன் இரண்டு வருஷத்துக்குள் இரண்டு மடங்கு.

கடன் முடிந்ததும்தான் டப்பாக்கள் ஞாபகத்துக்கு வந்தன. வாரச் சம்பளத்தில் அம்மா ஜூன் மாதப் பள்ளிக்கூடப் பணத்தைச் சேர்த்திருக்கிறார். நானோ பைக் இன்சூரன்ஸ், தீபாவளி, சொந்தக்காரர் கல்யாணம் என்று ஒவ்வொன்றும் திடீரென்று வந்து விழுந்தது போல அட்டையை எடுத்திருக்கிறேன். தீபாவளி வருஷா வருஷம் வருகிறது. ஒரு வருஷத்தின் இந்த மாதிரிச் செலவுகளை எல்லாம் கூட்டினேன், 48,000. பன்னிரண்டால் வகுத்து மாதம் 4,000. சம்பளம் ஒன்றாம் தேதி வரும், இரண்டாம் தேதி அந்த 4,000-மும் சேமிப்புக்கான 6,000-மும் தானாகவே வேறொரு வங்கிக் கணக்குக்குப் போய்விடும். அந்தக் கணக்கில் ஜிபே கிடையாது. ஏடிஎம் கார்டு எங்கே இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மாதச் செலவுக்கான பணம் சேரும்வரை வேறெதிலும் போடவில்லை. ஊரடங்கில் அது இருந்திருந்தால் மளிகைக்கு அட்டை தேவைப்பட்டிருக்காது. அதில் பெரும்பகுதி வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட்டாக இருக்கிறது, அரை வட்டிக்குச் சற்று மேலே. அந்தப் பணத்துக்கு வட்டி முக்கியமில்லை, கேட்ட அன்று கையில் கிடைக்க வேண்டும். வங்கியே முழுகினாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சம்தான்.

அம்மா இன்னும் சீட்டுப் போடுகிறார். முன்பு தெருவில் போட்டார். 2009-ல் சீட்டு நடத்திய அக்கா ஒரே ராத்திரியில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனதில் 18,000 போச்சு. இப்போது பதிவு செய்த இடத்தில் மட்டும். 1982-ஆம் ஆண்டு சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும், நடத்துகிறவர் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டையும் கேட்கத் தெரிந்துகொண்டார்.

வட்டிக் கேள்வி, நாம் பணம் கொடுத்து வட்டி வாங்குகிற பக்கமும் வேலை செய்யும். 2012-க்கு முன்பு பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளில் பணம் போடும் அலை அடித்தபோது பெரியப்பா ஒன்றரை லட்சம் கட்டினார். மாதம் ஆறாயிரம் தருவதாகப் பேச்சு. அம்மா விரலை மடக்கினார். "நாலு வட்டி. நமக்கு நாலு வட்டி குடுத்துட்டு அவன் என்னத்தத் திம்பான்?" பெரியப்பா கேட்கவில்லை. சில மாதம் பணம் வந்தது. அப்புறம் கோழி மட்டும் இருந்தது, தீனிக்கும் வழியில்லாமல்.

இரண்டு வருஷமாக மாதம் 3,000 ரூபாய் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போடுகிறேன். சொன்னதும் வழக்கமான கேள்வி வந்தது. எத்தன வட்டி? வட்டி இல்லை, ஏறும், இறங்கும் என்றேன். "வட்டி சொல்லாதவங்கிட்ட எதுக்குக் குடுக்கற?" ஐம்பது கம்பெனியில் நமக்குத் துளித் துளியாகப் பங்கு, லாபம் வந்தால் நமக்கும் உண்டு, நட்டமானால் நமக்கும் உண்டு, ஏழெட்டு வருஷத்துக்கு எடுக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். "வாரத்துக்கு ஆடு விடற மாதிரியா?" ஊரில் ஆட்டை ஒருவரிடம் வளர்க்கக் கொடுத்து, குட்டியைப் பங்கு பிரிப்பார்கள், அதுதான் வாரம். ஏறக்குறைய அதேதான் என்றேன்.

அன்றிலிருந்து அது ஆடு. போன மாதம் சந்தை இறங்கிய ஒரு சாயங்காலம் போனை வெறித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, ஆடு செத்துப்போச்சா?"

"சாகலைம்மா. இளைச்சிருக்கு."

"இப்ப விக்கப் போறயா?"

"இல்ல."

"அப்பறமென்ன, வந்து சாப்புடு."